தம்பிக்கு மனச்சிதைவு, எனக்குக் கலியாணப் பேச்சு. மாப்பிள்ளை வீட்டில் சொல்லலாமா? பிள்ளைகளுக்கும் வருமா?

கேள்வி: கடலோரத்து ஒழுங்கை, வெள்ளவத்தை

வணக்கம். இதை எழுதலாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். வீட்டில் யாரிடமும் கேட்க முடியாத கேள்வி.

எனக்கு 31 வயது. காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அம்மாவோடும் தம்பியோடும் இருக்கிறேன். அப்பா இல்லை. தம்பிக்கு இப்போது 26. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில், 19 வயதில் அவனுக்கு வருத்தம் தொடங்கியது. முதலில் தூக்கம் போனது. பிறகு மேல்மாடி வீட்டு ஆட்கள் தன்னைப் பற்றிக் கதைப்பது கேட்கிறது என்றான். மேல்மாடியில் அப்போது யாரும் குடியிருக்கவில்லை, வீட்டுக்காரர் மெல்பேர்னில். அதைச் சொன்னதும் குரல் மின்விசிறிக்குள் இருந்து வருகிறது என்றான். அந்தப் பங்குனி முழுக்க மூன்று பேரும் விசிறி போடாமல்தான் படுத்தோம்.

அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு போகாத கோவில் இல்லை. மயூராபதி அம்மன், கொச்சிக்கடை அந்தோனியார், பிறகு செய்வினை எடுக்கிற ஒருவர். அவர் 40,000 ரூபாய் வாங்கிக்கொண்டு எங்கள் கதவு நிலையில் செப்புத் தகடு ஒன்றை அடித்துவிட்டுப் போனார். இப்படி ஒரு வருசமும் எட்டு மாதமும் போனது. ஒருநாள் பின்னேரம் தண்டவாளத்துக்குக் கிட்ட அவன் தனியே நின்றதைக் கண்டு, பக்கத்துக் கடை அண்ணா கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். அடுத்த நாள் காலையில்தான் அரச ஆஸ்பத்திரிக்குப் போனோம். மனச்சிதைவு என்றார்கள், இங்கிலீசில் ஸ்கிசோஃப்ரினியா.

இப்போது மாதம் ஒரு ஊசி, இரவில் ஒரு குளிசை. கிழமைக்கு மூன்று நாள் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்கிறான். நான்கு மணிக்கு அம்மாவுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கிறான். அதிகம் கதைக்க மாட்டான், ஆனால் விசிறி ஓடுகிறது.

எனக்கு இப்போது ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. குறிப்புப் பொருந்தியிருக்கிறது. இரண்டு தரம் சந்தித்துக் கதைத்தோம், எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. தம்பிக்கு 'கொஞ்சம் உடம்பு சரியில்லை' என்று மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். கலியாணம் முடியும்வரை தம்பியை யாழ்ப்பாணத்தில் சித்தி வீட்டில் விடலாம் என்கிறார் அம்மா. மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது என்பதற்காக அங்கொடை என்ற ஊர்ப் பெயரையே வசையாக்கி வைத்திருக்கிற நகரம் இது, அம்மாவின் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் என் கலியாணத்தில் என் தம்பி இருக்கக்கூடாது என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

போன கிழமை இன்னொன்றும் தெரியவந்தது. அம்மாவின் மூத்த அக்கா கிணற்றில் தவறி விழுந்து இறந்தார் என்றுதான் எங்களுக்குச் சொல்லி வளர்த்தார்கள். தவறி விழவில்லையாம். ரொறன்ரோவில் இருக்கிற மாமா தொலைபேசியில் சொன்னார். இரண்டாவது பிள்ளை பிறந்து 20 நாளும் ஆகவில்லை, இரவிரவாகத் தூங்காமல், பிள்ளை தன்னுடையது இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். 'இது எங்கட ரத்தத்தில ஓடுது பிள்ளை' என்றார் மாமா. எச்சில் எடுத்து அனுப்பினால் மரபணுவைப் பார்த்துச் சொல்வார்களாம், பெட்டி வாங்கி அனுப்புகிறேன் என்கிறார்.

உண்மையில் ரத்தத்தில் ஓடுகிறதா? எனக்கு இனி வருமா? நான் பிள்ளை பெற்றால் அதற்கு வருமா? அவரிடம் எவ்வளவு சொல்ல வேண்டும்?


பதில் 1: ஓய்வுபெற்ற ரீச்சர், தெகிவளை

பிள்ளை, முப்பது வருசம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவள் நான். நீங்கள் கேட்டதை எத்தனையோ மாணவிகள் வகுப்பு முடிந்த பிறகு மேசைக்குப் பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் பாடத்திட்டமே ஒரு பிழையான எண்ணத்தை விட்டுவிடுகிறது. பட்டாணி, ஹீமோபீலியா, தலசீமியா என்று ஒரு மரபணுவால் வருகிறவற்றைத்தான் படிப்பிக்கிறோம். தலசீமியாவில் தாயும் தகப்பனும் காவிகளாக, அதாவது நோயில்லாமல் அந்த மரபணுவை மட்டும் சுமப்பவர்களாக, இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. கலியாணத்துக்கு முன் ரத்தத்தைப் பரிசோதித்தால் அது தெரிந்துவிடும். மனச்சிதைவுக்கு அப்படி ஒரு பரிசோதனை கிடையாது, ஏனென்றால் அப்படி ஒரு மரபணு கிடையாது. 2022இல் 76,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுத் தொகுதியை நோயில்லாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நோயோடு தொடர்புள்ள 287 இடங்கள் அகப்பட்டன. ஒவ்வொன்றும் ஆபத்தை மிகச் சிறிதளவே கூட்டுகிறது. அவற்றில் பல என்னிடமும் இருக்கும், மாப்பிள்ளை வீட்டாரிடமும் இருக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். ஐரோப்பியக் குடும்பங்களில் பல பத்தாண்டுகளாக நடந்த ஆய்வுகளை எர்விங் கொட்டெஸ்மன் என்ற உளவியலாளர் சேர்த்துக் கணித்தது இது. பொதுவில் 100 பேரில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. தாய் அல்லது தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைகளில் 100க்கு 13. கூடப்பிறந்தவருக்கு இருந்தால் 100க்கு 9. மாமனுக்கோ சித்தப்பாவுக்கோ இருந்தால் 100க்கு 4 அளவில். நீங்கள் 9 என்ற வரிசையில் பிறந்தவர், ஆனால் உங்களுக்கு இப்போது 31 வயது. பெண்களுக்கு இது கூடுதலாகத் தொடங்குகிற இருபதுகளை நல்லபடியாகத் தாண்டிவிட்டீர்கள், அதனால் உங்களுக்கு மீதியிருப்பது 9 இல்லை, அதைவிடக் குறைவு. உங்கள் பிள்ளைக்குத் தம்பி தாய்மாமன். 100 பிள்ளைகளில் 96 பேருக்கு வராது.

நீங்கள் எழுதாததால் ஒன்று கேட்கிறேன். மாப்பிள்ளை சொந்தமா? அம்மா வழியில் மச்சான் முறை என்றால் இந்தக் கணக்கு மாறும், ஏனென்றால் ஒரே அம்மம்மாவிடமிருந்து இரண்டு பக்கத்தாலும் வரும். அப்படியானால் கிளினிக் டொக்டரிடம் விளக்கமாகக் கதையுங்கள்.

மாமா எங்கேயாவது '80 சதவீதம் பரம்பரை' என்று வாசித்துவிட்டு உங்களைப் பயப்படுத்துவார். அந்த எண் சரியானதுதான், அவர் விளங்கிக்கொள்வதுதான் பிழையாக இருக்கும். ஒரு சமூகத்தில் சிலருக்கு வருகிறது, பலருக்கு வரவில்லை. அந்த வித்தியாசத்தில் எவ்வளவு மரபணுவால் என்பதுதான் 80. உங்களுக்கு வர 80 சதவீத வாய்ப்பு என்று அதற்குப் பொருள் இல்லை.

இனி உங்கள் அம்மாவுக்காக எழுதுகிறேன். இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். 1940களிலும் 50களிலும் பெரிய பெரிய மனநல வைத்தியர்களே தாய் வளர்த்த விதத்தால்தான் இந்த நோய் வருகிறது என்று எழுதினார்கள். எத்தனை தாய்மார் அந்தப் பழியோடு செத்தார்களோ! 1966இல் லெனர்ட் ஹெஸ்டன் என்ற வைத்தியர், அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தில், மனச்சிதைவோடு ஆஸ்பத்திரியில் இருந்த தாய்மாருக்குப் பிறந்து சில நாளிலேயே பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்த 47 பேரைத் தேடிப் பார்த்தார். 5 பேருக்கு மனச்சிதைவு வந்திருந்தது. நோயில்லாத தாய்மாருக்குப் பிறந்து அதேபோலப் பிரிந்து வளர்ந்த 50 பேரில் ஒருவருக்கும் இல்லை. அந்த 5 பேரையும் வளர்த்தது நோயாளித் தாய் இல்லை. எனவே அம்மா எதையும் பிழையாகச் செய்யவில்லை. அந்த 47 பேரில் 42 பேருக்கு மனச்சிதைவு வரவில்லை என்பதையும் வாசித்துக் காட்டுங்கள்.

தம்பிக்கு ஏன் 19 வயதில் என்று அம்மா கேட்டால் இதையும் சொல்லலாம். வளரிளம் பருவத்தில் மூளை தன் நரம்பு இணைப்புகளில் வேண்டாதவற்றை நறுக்கிவிடுகிறது. எல்லோருக்கும் நடப்பதுதான். ஆறாவது நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) C4 என்றொரு மரபணு இருக்கிறது, நோயெதிர்ப்போடு சம்பந்தப்பட்டது. அதன் சில வடிவங்கள் கூடுதலாக வேலை செய்கிறவர்களுக்கு மனச்சிதைவு ஆபத்துச் சற்றுக் கூடுகிறது என்று 2016இல் கண்டார்கள். எலிகளில் பார்த்தபோது, இந்த நறுக்கும் வேலையில் அதற்குப் பங்கிருந்தது. இது முழுக் காரணம் இல்லை, ஒரு துண்டு. ஆனால் பரீட்சைக்குக் கண்விழித்துப் படித்ததால் வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தால் அந்தப் பாரத்தை அவர் இறக்கி வைக்கலாம்.


பதில் 2: இரண்டு பெண்பிள்ளைகளின் தகப்பன்

தங்கச்சி, ரீச்சர் சொல்வதெல்லாம் சரியாக இருக்கும். ஆனால் நான் கண்டதைச் சொல்ல வேண்டும். என் அக்காவுக்கு மூன்று சம்பந்தம் நின்றது. மூன்று தரமும் அப்பா நேர்மையாக எங்கள் சித்தப்பாவின் வருத்தத்தைச் சொன்னார். இரண்டாவது தரத்தோடு புரோக்கர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அக்கா இன்றைக்கும் தனியாகத்தான் இருக்கிறா. 100க்கு 4 என்று யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள். கலியாணம் முடியட்டும், பிறகு சொல்லுங்கள். உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் எழுதுகிறேன்.


பதில் 3: இரட்டையரில் இளையவள்

அண்ணா, உங்கள் அக்காவுக்கு நடந்தது எனக்கும் வலிக்கிறது. ஆனால் நான் வேறு மாதிரிச் சொல்வேன்.

நானும் என் அக்காவும் ஒரே கரு இரட்டையர். ஏழு நிமிச வித்தியாசம். சின்ன வயதில் அப்பம்மாவே எங்களை மாறிக் கூப்பிடுவார். அக்காவுக்கு 22 வயதில் மனச்சிதைவு வந்தது. எனக்கு இப்போது 44, வரவில்லை. இருபது வருசமாகக் காலையில் கண் விழித்ததும் என் தலைக்குள் என்ன கேட்கிறது என்று கவனித்தவள் நான். இப்போதுதான் அந்தப் பழக்கம் விட்டிருக்கிறது.

டென்மார்க்கின் இரட்டையர் பதிவேட்டை வைத்து 2018 வாக்கில் வந்த ஆய்வு ஒன்றில், ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால் மற்றவருக்கும் வருவது 100க்கு 33 என்று இருந்தது. பழைய ஆய்வுகளில் பாதிக்குக் கிட்ட. எப்படிப் பார்த்தாலும், மரபணு முழுக்க ஒன்றாக இருந்தும் பாதிப் பேருக்கு மேல் வரவில்லை. ஏன் அக்காவுக்கு, ஏன் எனக்கில்லை? பிறந்தபோது நான் 2.2 கிலோ, அக்கா 1.6. மூச்சு எடுக்கச் சிரமப்பட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவ அவதான். பிரசவத்தில் வரும் சிக்கல்கள் ஆபத்தைக் கூட்டும் என்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. கருவில் கிடைக்கும் சாப்பாடும் அப்படித்தான்: 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தபோது, அது உச்சத்தில் இருந்த காலத்தில் கருவில் உருவான பிள்ளைகளுக்கு இந்த நோய் இரண்டு மடங்காக வந்தது. 1995 இடப்பெயர்வில் நாங்கள் இருவரும் ஒரே பாயில்தான் படுத்தோம், ஒரே குண்டுச் சத்தம்தான் கேட்டோம். எனவே எங்கள் இருவரையும் பிரித்தது அதுவாக இருக்காது என்பது என் எண்ணம்.

கொழும்பிலேயே இரட்டையர் ஆய்வு நடந்தது தெரியுமா? 2006, 2007இல், கொழும்பு மாவட்டத்தில் கிட்டத்தட்ட 4000 இரட்டையரையும் 2000 தனிப்பிள்ளைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள், இரண்டு மணித்தியாலம் இருந்து கேள்வி கேட்டார்கள். அதில் மனச்சோர்வைப் பற்றி வந்த முடிவில், பெண்களுக்கு மரபணுவின் பங்கு கூடுதலாகத் தெரிந்தது, ஆண்களுக்குச் சூழலின் பங்குதான் மிகக் கூட. ஒரே ஊரில், ஒரே மாதிரி வீடுகளில்! 'ரத்தத்தில ஓடுது' என்ற ஒரு வசனத்துக்குள் இதெல்லாம் அடங்காது.

எச்சில் பெட்டிக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லுங்கள். நானும் அக்காவும் ஆளுக்கொரு பெட்டியில் எச்சில் அனுப்பினால் ஆபத்தைக் கூட்டும் மரபணு வடிவங்களை எண்ணிக் கூட்டிக் கொடுக்கும் புள்ளி இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் வரும். அதை வாசித்து எங்களில் யார் ஊசி போடுகிறவள் என்று யாராலும் சொல்ல முடியாது. அதோடு, அந்தப் புள்ளிகளைக் கணிக்க எடுத்த ஆட்களில் மிகப் பெரும்பாலானோர் ஐரோப்பிய வழியினர். எங்களைப் போன்றவர்களுக்கு அது இன்னும் மோசமாகத்தான் பொருந்தும்.

தம்பியை யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப வேண்டாம், தயவு செய்து. எங்கள் வீட்டிலும் ஒரு கலியாணத்துக்காக அக்காவை ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே கிளினிக் மாற்றிப் பதியவில்லை, இரண்டு ஊசித் திகதி தவறியது. திரும்பி வந்தபோது அவ என்னையே அடையாளம் காண மறுத்தா. பழைய நிலைக்கு வர ஒன்பது மாதம் எடுத்தது. மறைத்துச் செய்கிற கலியாணத்தில் முதலில் அடிபடுவது நோயாளியின் மருந்துதான்.

நான் என் கணவருக்கு முதல் சந்திப்பிலேயே அக்காவைக் காட்டினேன். நானும் அவவும் ஒரே முகம், அதை எப்படி மறைக்கிறது?


பதில் 4: கொட்டாஞ்சேனைவாசி

நான் நோயாளி. இருதுருவ நோய் (பைபோலர்): சில காலம் மிதமிஞ்சிய உற்சாகம், சில காலம் கடும் சோர்வு. 14 வருசமாக லித்தியம் எடுக்கிறேன். இரண்டு பிள்ளைகள், மூத்தவளுக்கு 12.

அக்கா, பெரியம்மாவின் கதையை யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன். நீங்கள் சொல்வது பிரசவத்துக்குப் பின் வரும் மனநோய் போலத் தெரிகிறது. ஆயிரம் பிரசவத்தில் ஒன்று இரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு கிழமைக்குள் வரும். மனச்சிதைவைவிட என் நோய்க்குத்தான் அது கிட்டிய சொந்தம். என் தங்கச்சிக்கு மகன் பிறந்து ஐந்தாம் நாள் வந்தது. மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தா, முழுதாகச் சுகமானா. இரண்டாவது பிள்ளையை டொக்டரோடு கதைத்துத் திட்டமிட்டுப் பெற்றா, அந்தத் தரம் எல்லோரும் அவவின் தூக்கத்தைக் காவல் காத்தோம். உங்கள் பெரியம்மாவுக்கு இந்த வைத்தியம் கிடைத்திருந்தால் என்று நினைக்க நெஞ்சு அடைக்கிறது. தாய்க்கோ சகோதரிக்கோ இருந்திருந்தால் உங்களுக்கு ஆபத்து நன்றாகக் கூடும், பெரியம்மா ஒரு படி தள்ளித்தான். ஆனாலும் கர்ப்பமானதும் கிளினிக்கிலும் குடும்பநல மாதுவிடமும் இதைச் சொல்லி வையுங்கள். பக்கத்தில் இருக்கப்போகிற கணவருக்குத் தெரியாவிட்டால் ஐந்தாம் நாள் இரவு யார் கவனிப்பது? சொல்ல வேண்டும் என்று நான் நினைப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

2013இல் ஐந்து மனநல நோய்களின் மரபணுக்களைச் சேர்த்துப் பார்த்தபோது, மனச்சிதைவு, இருதுருவம், மனச்சோர்வு, ஓட்டிசம், கவனக்குறைவு நோய் (ADHD) எல்லாவற்றுக்கும் சில இடங்கள் பொதுவாக இருந்தன. அதனால் பெரியம்மாவின் வருத்தமும் தம்பியின் வருத்தமும் முற்றிலும் வேறு வேறு என்றும் இல்லை, ஒன்றேதான் என்றும் இல்லை.

என் பிள்ளைகளுக்கு இந்த நோய் வரப் பத்தில் ஒன்று அளவில் வாய்ப்பு என்றார் டொக்டர். அதைத் தெரிந்துதான் பெற்றோம். மகள் இரவு பத்து மணிக்குப் படுக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பதின்மூன்று வயதானதும் கஞ்சாவைப் பற்றி நேராகச் சொல்லப்போகிறேன், எங்களைப் போன்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது கூடுதலாகக் கெடுதல் செய்யும்.

கலியாணத்துக்கு முன் மாமனாரின் முன் இருந்து என் கிளினிக் கொப்பியை மேசையில் வைத்தேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார், லித்தியம் ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் அதில் இருந்தன. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: 'தம்பி, நீர் குளிசையை ஒழுங்காப் போடுவீரோ?'

இரவில் தாங்க முடியாமல் போனால் 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். நான் அழைத்திருக்கிறேன்.


கேள்வி கேட்டவர், ஒன்பது நாளுக்குப் பிறகு

எல்லோருக்கும் நன்றி. ரீச்சர், மாப்பிள்ளை சொந்தம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரைக் கடற்கரைக்கு வரச் சொன்னேன். தண்டவாளத்தைத் தாண்டி, தம்பி அன்று நின்ற இடத்துக்குக் கிட்டத்தான் இருந்தோம். எல்லாவற்றையும் சொன்னேன், பெரியம்மாவையும். 100க்கு 4 என்பதையும் சொன்னேன். இரண்டு ரயில் போகும்வரை அவர் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, 'அம்மாவுக்குப் பிறகு தம்பி யாரோடு இருப்பார்?' என்று கேட்டார். என்னோடு என்றேன். தன் அம்மாவிடம் கதைக்க ஒரு கிழமை வேண்டும் என்றார். அந்தக் கிழமை இன்னும் முடியவில்லை. இரண்டு பெண்பிள்ளைகளின் தகப்பன் அண்ணா, நீங்கள் சொன்னது நடக்கலாம் என்று தெரிந்துதான் சொன்னேன்.

ரீச்சரின் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஹெஸ்டன் பகுதியை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். 'அப்ப நான் அவனை டியூசன் டியூசன் எண்டு கலைச்சதால இல்லையா?' என்று கேட்டுவிட்டு அழுதார். ஏழு வருசமாக அதைத்தான் மனதில் வைத்திருந்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாது.

யாழ்ப்பாணப் பேச்சு நின்றுவிட்டது. பெட்டி அனுப்ப வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். நேற்றுத் தம்பி திருப்புளியை எடுத்துக் கதவு நிலையிலிருந்த செப்புத் தகட்டைக் கழற்றினான். யாரும் சொல்லவில்லை, அவனாகத்தான். ஆணி இருந்த நான்கு ஓட்டைக்கும் சுண்ணாம்பு வைத்து அடைத்திருக்கிறான்.

வியாழக்கிழமை அவனுக்கு ஊசித் திகதி. அரை நாள் லீவு போட்டிருக்கிறேன், இந்த முறை நானும் போகிறேன்.